முழு நிமிடம்

ஒண்டிக்கடை, ஏற்காடு
12 ஆகஸ்ட் 2024

இயேசு மரி சூசை துணை.

அருட்சகோதரி ஆன்மேரி அவர்களுக்கு, அக்கா தெரசம்மாள் எழுதிக்கொள்வது. நானும் அவரும் சுகம், அவருக்கு இருமல் மட்டும் விடவில்லை. உங்கள் மடத்தில் மதர் முதல் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவதோடு சரி, இவள் ஆகஸ்டில் எழுதுகிறாளே என்று பயப்பட வேண்டாம். யாருக்கும் ஒன்றுமில்லை. உங்களிடம் ஓர் உதவி வேண்டும்.

நான் வேலை பார்க்கும் மலை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு நிர்வாகி வந்திருக்கிறார். வார்டில் நோயாளியைத் தொடுகிற எல்லோரிடமும் சான்றிதழ் இருக்க வேண்டுமாம். ஆயாக்கள் ஏழு பேருக்கும் மதியம் இரண்டு முதல் நான்கு வரை வகுப்பு. மார்ச் மாதம் சேலத்திலிருந்து ஆள் வந்து தேர்வு வைப்பார்கள். தேறினால் ‘நோயாளர் பராமரிப்பு உதவியாளர்’. தேறாவிட்டால் துணி துவைக்கும் இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். இருபத்தெட்டு வருடம் வார்டில் இருந்தவளுக்கு அந்தச் சோப்புத் தொட்டி முன்னால் போய் நிற்க மனம் வரவில்லை.

எனக்கு ஐம்பது வயது. எட்டாம் வகுப்போடு நின்றவள். காய்ச்சல், பல்ஸ், சுவாசம் மூன்றையும் பார்த்துச் சார்ட்டில் ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம். இதுவரை பல்ஸ் பார்க்கும் நர்சுக்கு நோயாளியின் கையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். நான் எண்ணியதில்லை. நீங்கள் நர்ஸ் படிப்புப் படித்தவர். இருபத்திரண்டு வருடமாக மடத்துக் கதவுக்கு உள்ளேயே இருந்தாலும் படித்தது மறந்திருக்காது. அங்கே போன் கிடையாது, கடிதமும் மாதத்துக்கு ஒன்றுதான் என்று தெரியும். முடிந்தால் எழுதவும்.

அவர் ஸ்தோத்திரம் சொன்னார்.

தெரசம்மாள்


மடம், திருச்சி
2 செப்டம்பர் 2024

என் அன்பு அக்காவுக்கு, ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். அத்தானுக்கு இருமல் குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மதர் ‘என்ன செய்தி, முகம் இப்படி இருக்கிறது?’ என்று கேட்டார்கள். அக்கா பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றேன்.

பல்ஸ் பார்க்கக் கட்டை விரலை வைக்காதீர்கள். கட்டை விரலுக்கே ஒரு துடிப்பு உண்டு. உங்கள் துடிப்பை எண்ணிவிட்டு நோயாளியுடையது என்று எழுதிவிடுவீர்கள். நடு மூன்று விரல்களை மணிக்கட்டில், கட்டை விரல் பக்கமாக, மெதுவாக வையுங்கள். துடிப்பு ஒரே சீராக வந்தால் அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்கலாம். தடுமாறினால் முழு நிமிடமும் எண்ணுங்கள். பக்கத்தில் நின்று அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் சரி.

தினமும் அத்தானுடைய கையைப் பிடித்துப் பழகுங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக்காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் நாங்கள் கடிதம் எழுதுவதும் இல்லை, வந்ததைப் பிரிப்பதும் இல்லை. அதற்கு முன்னால் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிடுங்கள்.

ஜெபத்தில் உங்களை மறக்காத
ஆன்மேரி


ஒண்டிக்கடை
6 அக்டோபர் 2024

அன்பான சகோதரிக்கு, உங்கள் ஜெபத்தால் சுகம். நாலு நாளாக விடாத மழை. அவருடைய இருமல் தேவலை.

காலை 72. சாயங்காலம் எஸ்டேட்டிலிருந்து வந்ததும் 80. ஒரு நாள் 94 வந்தது. பதறிப்போய்க் கேட்டால், பஸ்ஸை விட்டுவிட்டு மேட்டில் ஓடி வந்தாராம். “ஏம்மா, நான் எஸ்டேட் ரைட்டரா இல்ல உன்ற பேஷண்டா? கையக் குடுத்தாத்தான் காப்பித்தண்ணி குடுப்பியாட்ட இருக்குது” என்கிறார். ஆனால் தினமும் வந்ததும் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்துவிடுகிறார்.

எங்கள் டீச்சர் பெயர் ரூபி. இருபத்தாறு வயது. நல்ல பெண். என் பக்கத்தில் மஞ்சக்குட்டை கிராமத்து ராசம்மாள். பொழுது விடியக் காட்டு வேலையை முடித்துவிட்டு ஜீப்பில் வருகிறவள், உட்கார்ந்தால் தூங்கிவிடுவாள். நேற்று ரூபி மிஸ், “படுத்த படுக்கையா இருக்கறவங்கள எதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைக்கோணும்?” என்று கேட்டார்கள். நான் எழுந்து, “புண்ணு வந்துருமுங்க மிஸ்” என்றேன். “ஏன் வருது?” என்றார்கள். உட்கார்ந்துவிட்டேன். எத்தனை ஆயிரம் பேரைத் திருப்பிப் போட்ட கை இது! ஏன் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஏன் என்று எழுதவும்.

தெரசம்மாள்


ஒண்டிக்கடை
24 நவம்பர் 2024

ஆன்மேரிக்கு,

உங்கள் நவம்பர் கடிதம் வந்தது. எலும்பு துருத்தும் இடத்தில் தோல் நசுங்கி ரத்தம் போகாமல் நிற்கும், அதனால் புண் என்று நீங்கள் விளக்கியதை மனப்பாடம் செய்தேன். பலன் இல்லை. முதல் எழுத்துத் தேர்வில் தோற்றுவிட்டேன், ஜனவரியில் மறு தேர்வு உண்டாம். பல்ஸை எழுத வேண்டிய கட்டத்தில் காய்ச்சலை எழுதி, காய்ச்சல் கட்டத்தில் பல்ஸை எழுதியிருக்கிறேன். ஏழு பேரில் நான் மட்டும்தான். ராசம்மாள் கூடத் தேறிவிட்டாள். மருந்து கொடுக்கும் பாக்கியநாதன் நல்ல மனுஷன், ஆறுதலாகத்தான் சொன்னார்: “உடுங்க ஆயாம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்?” வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவால் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றபோது நீ படி என்று நான்தானே சொன்னேன். நீ வெள்ளை உடுப்புப் போட வேண்டும் என்றுதானே நான் ஆயாவின் நீலச் சேலையைக் கட்டினேன். நீ படித்தாய். மூன்று வருடம் வேலை பார்த்தாய். பிறகு அந்தப் படிப்பையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவை அடைத்துக்கொண்டாய். சாமிக்குக் கொடுத்ததைக் கேட்கக் கூடாது என்று அம்மா சாகும்வரை என் வாயை அடைத்தாள். ஆனால் அது என்னுடையதும் அல்லவா? நீ இங்கே இருந்திருந்தால் இன்றைக்கு மேட்ரன். நான் இந்த வயதில் நோட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்திருக்காது.

வேறு விசேஷம் இல்லை.

தெரசம்மாள்


ஒண்டிக்கடை
15 டிசம்பர் 2024

அன்பான சகோதரிக்கு, திருவருகைக்காலம், பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். போன கடிதம் முதல் தேதிக்கு முன்னால் உங்கள் கைக்கு வந்ததா, வரவில்லையா என்று தெரியவில்லை. வராமல் போயிருந்தாலும் நல்லதுதான்.

இங்கே பனி கொட்டுகிறது. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். அவருக்கு 76. கடிதம் வந்திருந்தால், உடம்பு சுகம்தானா என்று மட்டும் எழுதவும்.

தெரசம்மாள்


மடம்
26 டிசம்பர் 2024

என் அக்காவுக்கு, பாலன் பிறப்பின் வாழ்த்துகள். உங்கள் கடிதம் நவம்பர் 29 அன்றே வந்துவிட்டது. நான்கு வாரமும் அதை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தேன்.

நீங்கள் கேட்டது சரி. அது உங்களுடையதும்தான். ஆனால் அந்தப் படிப்பு பூட்டிக் கிடக்கவில்லை அக்கா. இந்த மடத்தில் முப்பத்தாறு பேர். அதில் பதினொரு பேர் வயதானவர்கள். மூன்று பேர் எழுந்திருக்க முடியாதவர்கள். பதினாறு வருடமாக அவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இதுவரை ஒருவருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை. இதை உங்களிடம் சொன்னால், ஊரில் செய்ய முடியாததையா அங்கே போய்ச் செய்கிறாய் என்று வருத்தப்படுவீர்கள் என நினைத்துச் சொல்லாமல் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லாமல் இருந்தேன். கடைசி வருடப் படிப்பில் எங்களை ஆறு வாரப் பயிற்சிக்கு உங்கள் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார்கள். பெண்கள் வார்டில் என் கூடப் படித்த பெண்கள் நான்கு பேர் சுற்றி நின்றார்கள். உங்களைப் பார்த்து, “ஆயாம்மா, அந்த பெட்பேனை எடுத்துட்டுப் போங்க” என்றேன். நீங்கள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தீர்கள். பிறகு “சரிங்க சிஸ்டர்” என்றீர்கள். ஆறு வாரமும் வார்டில் அப்படித்தான் கூப்பிட்டேன். சாயங்காலம் வீட்டில் அக்கா என்று கூப்பிட்டு நீங்கள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த ஆறு வாரமும் நான் உங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, நோயாளியிடம் ஏதோ பேசிக்கொண்டே, அவருக்குத் தெரியாமலே திருப்பிவிடுவீர்கள். நர்சிங் பள்ளியில் எனக்கு ஏன் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எப்படி என்று கற்றுக்கொண்டது உங்களிடம்தான். இறுதித் தேர்வில் இதை எங்கே கற்றாய் என்று கேட்டார்கள். பள்ளியில் என்று பொய் சொன்னேன்.

மன்னியுங்கள். மறு தேர்வு எழுதுங்கள். சார்ட்டில் மேலே காய்ச்சல், நடுவில் பல்ஸ், கீழே சுவாசம். நெற்றி, நெஞ்சு, வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்மேரி


ஒண்டிக்கடை
12 ஜனவரி 2025

அன்பு மேரிக்கு, நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? அதை நீ எழுதவேயில்லை.

மறு தேர்வில் தேறிவிட்டேன். நூற்றுக்கு எண்பத்தொன்று. நெற்றி, நெஞ்சு, வயிறு என்று வாய்க்குள் சொல்லி, தொட்டுத் தொட்டுப் பார்த்து எழுதினேன். பார்த்தவர்கள் நான் சிலுவை போடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவர் விடைத்தாளை எஸ்டேட்டுக்கு எடுத்துப் போய் ஆபீசில் காட்டியிருக்கிறார். “கணக்கப்புள்ள ஊட்டுல எல்லாரும் புத்திசாலிங்கதான்” என்று மேனேஜர் சொன்னாராம். ஏதோ தானே எழுதியதைப் போல அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயாம்மா என்று கூப்பிட்டதைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு அது நினைவே இல்லை. அன்றைக்கு மழை பெய்துகொண்டிருந்தது, நாலாம் நம்பர் கட்டில், அந்தம்மாவுக்கு வலது காலில் கட்டு. அவ்வளவுதான் ஞாபகம்.

பதினொரு பேரைப் பதினாறு வருடம் புண் வராமல் வைத்திருக்கிறாய் என்பதை ரூபி மிஸ்ஸிடம் சொன்னேன். வகுப்பில் எல்லோருக்கும் சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். எழுந்து நின்று சொன்னேன். “யாருங்க்கா அது?” என்று ராசம்மாள் கேட்டாள். “என்ற தங்கச்சி” என்றேன்.

மார்ச் 18 செய்முறைத் தேர்வு. தவக்காலம். நீ படிக்க முடியாது. வேண்டிக்கொள்.

அக்கா


மடம்
3 பிப்ரவரி 2025

என் அன்பு அக்காவுக்கு, எண்பத்தொன்றுக்கு மடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார் மதர். நான் நலம். குளிர் காலத்தில் முதுகு கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது, வயதாகிறது அல்லவா? எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பேனா சரியில்லை.

தேர்வில் கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்று இல்லை. நோயாளியைப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.

ஆன்மேரி


ஒண்டிக்கடை
20 மார்ச் 2025

அன்பு மேரிக்கு, ஈஸ்டருக்குத்தான் பிரிப்பாய் என்று தெரியும். அதுவரை என்னால் வைத்திருக்க முடியாது.

தேர்வுக்குச் சேலத்திலிருந்து ஒரு மேடம் வந்தார்கள். எனக்கு வந்த நோயாளி வாழவந்தி கிராமத்துச் சின்னன். எழுபது வயது, பலா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷனுக்காகக் காத்திருக்கிறவர். ராசம்மாளும் நானும் அவரைச் சாய்த்து, முதுகு துடைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தோம். அது எதற்கு என்று மேடம் கேட்டார்கள். “முறிஞ்ச கால் உள்பக்கம் சாஞ்சுரக் கூடாதுங்க. எலும்பும் எலும்பும் உரசினா தோல் நசுங்கிப் புண்ணாயிருமுங்க” என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

பிறகு பல்ஸ். 98 என்று எழுதினேன். மேடமும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். கால் நிமிடம்தான். “எண்பத்தி நாலு. பதினாலு அதிகமா எழுதியிருக்கீங்களே?” என்றார்கள். பின்னால் நின்ற ரூபி மிஸ் முகம் வெளுத்துவிட்டது. நான் சின்னனைப் பார்த்தேன். உதடு லேசாக நிறம் மாறியிருந்தது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

“கோவிச்சுக்காதீங்க மேடம். துடிப்பு தடுமாறுதுங்க. ரெண்டு வேகமா வருது, ஒண்ணு காணாமப் போகுது. ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பாக்கறீங்களா?”

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வாட்சைப் பார்த்தார்கள். அவ்வளவு நீளமான நிமிடத்தை நான் பார்த்ததில்லை. எழுந்ததும் சொன்னார்கள்: “தொண்ணூத்தி ஆறு. இவங்க சொன்னதுதான் சரி. டாக்டரைக் கூப்பிடுங்க.”

ஈசிஜி எடுத்தார்கள். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறதாம். கவனிக்காமல் ஆபரேஷனுக்குக் கொண்டு போயிருந்தால் ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பினார்கள். இப்போது தேவலையாம். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவர் சம்சாரம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அம்மணி, நீங்க நொம்ப நாளைக்கு நல்லா இருக்கோணும்” என்றது.

போகும்போது மேடம் என்னிடம் தனியாக வந்து, “யாரு சொல்லிக்குடுத்தாங்க?” என்று கேட்டார்கள். ரூபி மிஸ்ஸையும் சொன்னேன், உன்னையும் சொன்னேன்.

இப்போது உன் விஷயம். பிப்ரவரிக் கடிதத்தில் வரிகள் எல்லாம் மேல் நோக்கிப் போகின்றன. எழுத்து ஓரிடத்தில் அழுத்தமாகவும் ஓரிடத்தில் காணாமலும் இருக்கிறது. மல்லாந்து படுத்துக்கொண்டு எழுதுகிறவர்களின் கையெழுத்து அப்படித்தான் இருக்கும். இருபத்தெட்டு வருடம் பார்த்திருக்கிறேன். பேனா சரியாகத்தான் இருக்கிறது. உனக்கு என்ன?

அக்கா


மடம்
22 ஏப்ரல் 2025

அன்புக்குரிய தெரசம்மாள் அவர்களுக்கு, உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களோடு. இந்த மடத்துத் தலைவி மதர் பிலோமினா எழுதுகிறேன்.

உங்கள் சந்தேகம் சரியே. சகோதரி ஆன்மேரிக்கு முதுகெலும்பில் காசநோய். மற்றவர்களுக்குத் தொற்றாத வகை. நவம்பரிலேயே வலி இருந்திருக்கிறது. வயதான சகோதரிகளைத் தூக்குவதை விட மனமில்லாமல் எங்களிடமும் மறைத்துவிட்டார். ஜனவரி கடைசியிலிருந்து படுக்கை. கால்களில் பலம் குறைந்துவிட்டது. மருந்து வேலை செய்கிறது, எழுந்து நடப்பார் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். உங்கள் தேர்வு முடியும்வரை தெரியக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

ஈஸ்டர் மாலையில் உங்கள் மார்ச் கடிதத்தை அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கேட்டோம். மேடம் ஸ்டூலை இழுத்துப் போட்ட இடத்தில் தொண்ணூறு வயது சகோதரி ஒருவர் கை தட்டிவிட்டார்.

நோயாளிகளை இப்போது இளம் சகோதரிகள் இருவர் பார்க்கிறார்கள். அன்பு நிறைய. பயிற்சி இல்லை. ஒருவருக்குப் புண் தொடங்கிவிட்டது. வெளியாரை உள்ளே விடும் வழக்கம் எங்களுக்கு இல்லை. மறைமாவட்ட ஆயரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். யாரை அழைக்கலாம் என்று ஆன்மேரியிடம் கேட்டேன். ஒரே பெயர்தான் சொன்னார். வர முடியுமா?

மதர் பிலோமினா


மடம், திருச்சி
18 மே 2025

என் ஊட்டுக்காரருக்கு, தெரசம்மாள் எழுதுவது. சுகமா? இருமலுக்குத் துளசியும் மிளகும் போட்டு வைத்திருக்கிறேன், தினமும் குடிக்கவும். இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது. கோடை விழாக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள், 94 ஆகிவிடும்.

இரண்டு வாரம் ஆகிவிட்டது. நிர்வாகி ஐயா ஒரு மாத விடுப்பைச் சம்பளத்தோடு கொடுத்து, ‘எங்கள் ஆஸ்பத்திரிப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சியளிக்க வருகிறார்’ என்று லெட்டர்பேடில் எழுதியும் கொடுத்தார் அல்லவா, அதை மதர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு எதையோ பார்ப்பது போல ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

முதல் நாள் மேரியைப் பார்த்தபோது அழுகைதான் வந்தது. பாதி ஆளாகிவிட்டாள். போர்வையை விலக்கி இடுப்பைப் பார்த்தேன், ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்தது. அழுகையெல்லாம் போய்க் கோபம் வந்துவிட்டது. “பதினாறு வருஷமா ஊருக்கெல்லாம் பாத்தியே, உன்ற உடம்பப் பாக்க மாட்டியா சாமி?” என்றேன். “அதான் நீங்க வந்துட்டீங்களே” என்றாள். அந்தச் சிவப்பு நான்காம் நாள் மறைந்துவிட்டது. இன்னொரு சகோதரிக்குத் தொடங்கிய புண்ணும் ஆறி வருகிறது.

மறுநாள் பாடம். இளம் சகோதரிகள் இரண்டு பேர் மட்டும் என்று நினைத்தேன். மதரோடு சேர்த்து ஒன்பது பேர் வந்து நின்றார்கள். மேரி தலையணையில் சாய்ந்தபடியே அவர்களிடம் சொன்னாள்: “இவங்க என் அக்கா. இருபத்தெட்டு வருஷமா வார்டுல வேலை பாக்கறாங்க. நான் வேலை கத்துக்கிட்டதே இவங்ககிட்டத்தான்.” எனக்கு யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியவில்லை. “எல்லாரும் மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன். மதர் உட்பட ஒன்பது பேரும் வரிசையாகப் போனார்கள்.

அந்த இரண்டு பெண்களும் இப்போது நன்றாகத் திருப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதிலும் சொல்கிறார்கள். எனக்குத் தெரியாததைக் கேட்டால் மேரி கட்டிலிலிருந்தே சொல்கிறாள். அவளுக்குக் கை எட்டாததை நான் செய்து காட்டுகிறேன்.

டாக்டர் வெள்ளிக்கிழமை வந்து நிற்க வைக்கலாம் என்றார். அன்றைக்கு நின்றாள். நேற்று நான்கு அடி. இன்று பூசை முடிந்ததும் இடுப்புக்கு பெல்ட் கட்டி வராந்தாவுக்குக் கூட்டி வந்தேன். “போதும்க்கா, கால் நடுங்குது” என்றாள். “நடுங்குனா நடுங்கட்டும், நான் புடிச்சிருக்கறேன்” என்றேன். பதினொரு அடி நடந்தாள். எழுந்து நடக்க முடிந்த எல்லோரும் தூண்களுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள்.

எப்போது ஊருக்கு வருகிறாய் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். வராந்தா முப்பத்திரண்டு அடி நீளம். அவள் அதைத் தனியாக நடந்து முடித்த மறுநாள் பஸ் ஏறுகிறேன்.

உங்கள்
தெரசம்மாள்